நொண்டிக் குதிரைக்கு விளையாட்டு வைத்தியம்

வட சென்னையில் எண்ணூரை ஒட்டி, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே நெட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அந்தக் கரையிலோ, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள வேறு கடற்கரையிலோ ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலை காயும் உலர்ந்த மணலில் நூறு அடி நடங்கள். கால் புதையும், குதிகால் கீழே இறங்கும், கெண்டைக்கால் சதை இழுக்கும். அடுத்து, அலை வந்து மீண்ட ஈர மணலில் அதே நூறு அடி நடங்கள். தடம் தெளிவாகப் பதியும், நடை எளிதாகிவிடும். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேல் நிற்கும் நீரில் நடங்கள். ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை உயர்த்த வேண்டியிருப்பதால் இப்போது தொடைக்கு வேலை. கால்கள் அதே கால்கள்தாம். தரை மாறியது, உழைக்கும் தசையும் மாறிவிட்டது.

பிசியோதெரபி எனப்படும் உடலியக்கச் சிகிச்சையின் அடிப்படை இதில் அடங்கியிருக்கிறது. நலிந்த தசை எதுவோ, அதை உழைக்க வைக்கும் வேலையைத் தேர்ந்து, அளவோடு, நாள்தோறும் கொடுப்பதே அச்சிகிச்சை. மனிதருக்குச் செய்யும் இதனைக் கடந்த சில பத்தாண்டுகளாகக் குதிரைகளுக்கும் செய்து வருகிறார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. “முழங்காலைப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள், இன்று வலிக்கும், அடுத்த மாதம் குறையும்” என்று வைத்தியர் சொன்னால் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறோம். குதிரைக்கு அடுத்த மாதம் என்பது கிடையாது. வலிக்கும் வேலையை அது ஏன் செய்ய வேண்டும்?

அடித்துச் செய்ய வைக்கலாம் என்றால், அச்சத்தில் உடல் இறுகும். தளர வேண்டிய தசை விறைத்துக்கொள்ளும். சிகிச்சையின் நோக்கமே கெடும். எனவே குதிரை தானே விரும்பிச் செய்யும்படி பயிற்சியை ஒரு விளையாட்டாக மாற்றிக் கொடுக்கிறார்கள். முதுகில் ஏறாமல், தரையில் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு ஆடும் விளையாட்டு இது. இதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

“மனிதனுக்கே ஆஸ்பத்திரியில் இடமில்லை, குதிரைக்கு உடற்பயிற்சியா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் மெரினா மணலில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரையையும், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் குதிரையையும் எண்ணிப் பாருங்கள். அவற்றின் பின்னே ஒரு குடும்பம் இருக்கிறது. குதிரை நின்றால் அடுப்பும் நிற்கும். இந்த வைத்தியத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை என்பதால், பணக்காரரின் பந்தய லாயத்தைவிட இத்தகைய குதிரைக்காரருக்கே இது அதிகம் பயன்படும்.

கடல் கடந்து வந்த விலங்கு

தமிழகம் குதிரை பிறக்கும் நாடன்று. கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைச் சங்க நூலான பட்டினப்பாலையே குறிப்பிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் பெரும் பொருள் கொடுத்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கியதையும், அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் வியப்போடு எழுதி வைத்திருக்கிறார். வாங்குவதற்குப் பணம் இருந்தது; வளர்க்கும் அறிவு கப்பலில் கூடவே வரவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் படைக்குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. அந்த வேல்ஸ் என்ற சொல்லிலிருந்துதான் அவற்றுக்கு ‘வேலர்’ என்ற பெயர் வந்தது. பிறகு நகரத்தின் தெருக்களை ஜட்கா வண்டிகள் ஆண்டன. இரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து கோயிலுக்கும் ஜட்காவில் போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது குதிரையின் நொண்டல் ஒரு போக்குவரத்துச் சிக்கலாகவே இருந்தது. இன்றைக்குப் பேருந்தின் அச்சு முறிவதைப் போல.

ஒரு குதிரையைக் கப்பலின் சிறு அறைக்குள் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் என்னவாகும்? விழுந்துவிடாது. குதிரையின் கால்மூட்டுகளில் தசைநாண்களாலான ஒரு பூட்டு அமைப்பு இருக்கிறது. அதிகம் களைப்படையாமல் நின்றுகொண்டே அது கண்ணயர முடியும். ஆனால் கால்கள் வீங்கும். காரணம் குளம்பில் இருக்கிறது. குதிரை ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் குளம்புக்குள் இருக்கும் மெத்தை போன்ற பகுதி அழுந்தி, அங்குள்ள இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. காலைத் தூக்கியதும் புது இரத்தம் இறங்குகிறது. நான்கு குளம்புகளும் நான்கு சிறு பம்புகள். குதிரை நடந்தால்தான் பம்பு இயங்கும். கட்டிப்போட்ட குதிரையின் கால் வீங்குவதற்கு இதுவே முதற்காரணம். லாயத்தில் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். காலையில் வீங்கியிருந்த கால், பத்து நிமிடம் நடத்தியதும் வற்றிவிடும்.

ஒரு விரலின் நுனியில் நிற்கும் உடல்

குதிரையின் முன்னங்காலில் ‘முட்டி’ என்று நாம் காட்டும் இடம் உண்மையில் முட்டியன்று. அது நம் மணிக்கட்டுக்கு ஈடான மூட்டு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நம் உள்ளங்கையும் நடுவிரலும் நீண்டு வளர்ந்தது போன்றவை. குளம்பு அந்த நடுவிரலின் நகம். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள உடல், காலுக்கு ஒரு விரலாக, நான்கு விரல்களின் நகத்தின் மேல் நிற்கிறது!

அந்த மணிக்கட்டுக்குக் கீழே சொல்லத்தக்க தசை இல்லை. மேலே இருக்கும் தசைகள் நீண்ட தசைநாண்களின் மூலம் கீழேயுள்ள விரலை இயக்குகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து கயிற்றால் பொம்மையை ஆட்டுவது போல. காலின் பின்புறம் ஓடும் தசைநாண் ஒரு வில்சுருள் போல நீண்டு சுருங்கி, ஓட்டத்தின் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. நாலுகால் பாய்ச்சலில் அது தன் நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அந்த அளவில்தான் அது அறுந்துபோகவும் கூடும். இயற்கை குதிரைக்கு வேகத்தைக் கொடுத்தது. ஆனால் பாதுகாப்புக்கென்று மீதம் எதையும் வைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பாய்ச்சலின்போது இந்தத் தசைநாணின் உள்ளே வெப்பம் 45 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. இத்தகைய தசைநாண் கிழிந்தால் ஆறுவதற்கு ஒன்பது மாதங்கள், ஓர் ஆண்டு, சிலவேளை அதற்கும் மேல் ஆகிறது. ஆறிய பின்னும் அங்கே பழைய இழை வருவதில்லை. தழும்பு இழைதான் வருகிறது. அந்தத் தழும்பு இழைகள் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளாமல் காலின் நீளவாக்கில் வரிசையாக அமைய வேண்டுமானால், ஆறும் காலத்தில் அளவான இழுவிசை அதற்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது நடக்க வேண்டும், ஆனால் ஓடக்கூடாது.

இன்னொரு வியப்பு தோளில் இருக்கிறது. நம் கை, காறையெலும்பின் மூலம் மார்புக்கூட்டோடு இணைந்திருக்கிறது. குதிரைக்குக் காறையெலும்பே இல்லை. அதன் உடல் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. குழந்தைக்குக் கட்டும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாங்குவது இந்த முன்பக்கம்தான். தூளித்துணி ஒருபுறம் தளர்ந்தால் குழந்தை சாய்வது போல, ஒரு பக்கத் தசை நலிந்தால் குதிரை அந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறது. பிறகு அந்தப் பக்கத்துக் கால் கெடுகிறது. நொண்டல் காலில் தெரிந்தாலும் அதன் வேர் தோளிலோ முதுகிலோ இருப்பது இதனால்தான்.

இரண்டு தவறான வழிகள்

கால் வீங்கிய குதிரையை வைத்திருப்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். வீக்கம் வற்றியதும் பத்து நாளில் வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார். அல்லது மாதக்கணக்கில் கட்டிப்போட்டு விடுகிறார். முதலாவது வறுமையால் நேர்வது. இரண்டாவது நல்லெண்ணத்தால் நேர்வது. ஆனால் அதுவும் குதிரையைக் கெடுக்கிறது.

குதிரை கூட்டமாக வாழ்ந்து, நாள் முழுவதும் மேய்ந்தபடி நடந்துகொண்டேயிருக்கும் விலங்கு. அதனைத் தனியாக நான்கு சுவருக்குள் அடைத்தால் தசை கரைவது மட்டுமன்று, மனமும் நோகிறது. சில குதிரைகள் கடிகார ஊசல் போல நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். சில, கட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை உள்ளிழுக்கும். இவை ‘கெட்ட பழக்கங்கள்’ அல்ல. அடைபட்ட விலங்கின் துன்பக் குறிகள். அப்படி எட்டு வாரம் அடைபட்டிருந்த குதிரையை ஒருநாள் வெளியே கொண்டுவந்தால், அது நடக்குமா? துள்ளும், உதைக்கும், கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும். எட்டு வாரமாக ஆறிய தசைநாண் எட்டு நொடியில் மறுபடி கிழியும். குதிரை வைத்தியத்தில் மிகுந்த வேதனை தரும் காட்சி இதுவே.

ஆகவே, ஆறும் காலத்தில் குதிரையின் உடலுக்குக் கொஞ்சம் வேலையும், அதன் மூளைக்கு நிறைய வேலையும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் விளையாட்டுப் பயிற்சி.

காரட் துண்டின் பின்னே

முதல் விளையாட்டு மிக எளியது. குதிரையை ஒரு சுவரின் அருகே சமதரையில் நிறுத்துங்கள். நீளவாக்கில் வெட்டிய காரட் துண்டு ஒன்றை அதன் மூக்கருகே காட்டி, மெல்லக் கீழே, மார்பை நோக்கிக் கொண்டுபோங்கள். குதிரை கழுத்தை வளைத்துத் தொடரும். சில நொடிகள் அப்படியே வளைந்து நிற்க வைத்து, பிறகு துண்டைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை முன்னங்கால்களுக்கு நடுவே. அதற்கடுத்த முறை கணுக்கால் வரை. பிறகு பக்கவாட்டில், விலா வரை, இடுப்பு வரை. இரு பக்கமும் சம எண்ணிக்கையில் செய்ய வேண்டும். காரட்டை வட்ட வட்டமாக நறுக்கக்கூடாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பார்ப்பதற்கு இது தின்பண்டம் காட்டி ஏய்ப்பது போலத் தோன்றும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. கழுத்து ஒரு பக்கம் வளையும்போது உடல் கவிழாமலிருக்க முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இறுகிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தும் குட்டையான ஆழ்தசைகள் இவை. மல்டிஃபிடஸ் என்பது இவற்றின் பெயர். உங்கள் முதுகிலும் இவை இருக்கின்றன. மனிதரில் முதன்முதலாக இடுப்புவலி வந்தவர்களை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் ஆராய்ந்தபோது, வலி நின்ற பிறகும் இத்தசை தானாகப் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை என்றும், அதற்கென்றே பயிற்சி செய்தவர்களுக்குத்தான் திரும்பியது என்றும் கண்டார்கள். வலி போய்விட்டால் நோய் போய்விட்டது என்று எண்ணுவது மனிதரிலேயே தவறு என்றால், வாயில்லா உயிரில் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாரெல் ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் முதலியோர் இதனைக் குதிரைகளில் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 8 குதிரைகள். வாரத்துக்கு 5 நாள் வீதம் 3 மாதம். சவாரி கிடையாது, இந்தக் கழுத்து வளைப்பு விளையாட்டுகள் மட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒலியலைக் கருவியால் முதுகுத் தசையின் குறுக்குப் பரப்பை அளந்தார்கள். தசை பருத்திருந்தது. அதைவிடச் சிறப்பாக, முன்பு இடமும் வலமும் ஏற்றத்தாழ்வாக இருந்த தசைகள் இப்போது ஏறக்குறைய ஒத்திருந்தன. எட்டுக் குதிரைகளை வைத்து உலகத்துக் குதிரைகளுக்கெல்லாம் சட்டம் எழுத முடியாதுதான். ஆயினும் காரட் வாங்கும் செலவில் இப்படியொரு பலன் கிடைக்குமென்றால் அதை முயன்று பார்க்காமலிருப்பது அறிவுடைமையன்று.

குச்சியைத் தொடு, தின்பண்டம் எடு

ஒரு கழியின் முனையில் பந்தோ துணி உருண்டையோ கட்டிக்கொள்ளுங்கள். குதிரை இயல்பாகவே புதுப் பொருளை மோந்து பார்க்கும். மூக்கு பட்ட அந்தக் கணமே நாவால் ஒரு ‘டக்’ ஒலி எழுப்பி, ஒரு துண்டு கரும்போ காரட்டோ கொடுங்கள். தாமதித்தால், எதற்காகக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது. சில முறை செய்ததுமே குதிரை பந்தைத் தேடி வந்து தொடத் தொடங்கும். இப்போது உங்கள் கையில் இருப்பது கடிவாளத்தைவிட நுட்பமான ஒரு கருவி. பந்தை எங்கே கொண்டுபோகிறீர்களோ அங்கே மூக்கு வரும். மூக்கின் பின்னே கழுத்து. கழுத்தின் பின்னே முதுகு.

பந்தைக் குதிரையின் மார்புப் பக்கம் மெல்லத் தள்ளினால் அது இரண்டடி பின்னால் வைக்கும். பின்நடையில் இடுப்பு மடங்கி, வயிற்றுத் தசைகள் சுருங்கி, முன்னங்காலின் பாரம் பின்னங்காலுக்கு மாறுகிறது. மூன்று, நான்கு அடி போதும். ஒரே ஒரு கல் தூரமாகத் துரத்தக்கூடாது.

அடுத்து, சவுக்குக் கழிகள் நான்கைத் தரையில் வரிசையாக இட்டு அவற்றின் மேல் நடத்தலாம். கழி உருண்டால் கால் பிசகும்; எனவே இரு முனையையும் மண்ணில் பதித்துவிட வேண்டும். இடைவெளி எவ்வளவு? பெரிய குதிரைக்கு 80 முதல் 90 செ.மீ. என்பார்கள். நம் ஊர்க் குட்டைக் குதிரைக்கு அது பொருந்தாது. அதை முதலில் ஈர மண்ணில் நடக்கவிட்டு, அதன் சொந்த அடியை அளந்து இடைவெளி வையுங்கள். கழியைத் தாண்ட ஒவ்வொரு மூட்டும் வழக்கத்தைவிட அதிகமாக மடங்குகிறது. ஆனால் வேகம் கூடாததால் தசைநாணின் மேல் பாரம் ஏறுவதில்லை. அதோடு, எங்கே கால் வைப்பது என்று குதிரை தலையைத் தாழ்த்திப் பார்த்து எண்ண வேண்டியிருக்கிறது. தலை தாழும்போது முதுகு உயர்கிறது. ஒரு கழிக்குள் இத்தனை வைத்தியம்.

வாளிகளைச் சுற்றி எட்டு வடிவில் நடத்துவது, தார்ப்பாயின் மேல் நடத்துவது, மணல்மேட்டில் ஏறி இறங்க வைப்பது என்று இவை விரியும். எல்லாமே பத்து, பதினைந்து நிமிடத்துக்குள். குதிரைக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பதைக் கைதேர்ந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்; அப்போதுதான் மறுநாள் அது வாசலில் வந்து நிற்கும்.

தரையைப் பற்றித் தொடக்கத்தில் செய்த சோதனை இங்கே உதவும். புதையும் உலர் மணலில் குளம்பின் முனை ஆழ்ந்து, தசைநாண் அதிகம் இழுபடும். ஆறும் காலுக்கு அது ஆகாது. ஈரமான கெட்டி மணலே நல்லது. நீரில் நடத்துவதும் மிக நல்ல பயிற்சி. நீர் இடுப்பு உயரம் இருந்தால் உடலின் எடையில் முக்கால் பங்கை நீரே தாங்கிக்கொள்கிறது. வெளிநாடுகளில் இதற்கென்று நீர்த்தொட்டிக்குள் ஓடும் பட்டையை அமைத்திருக்கிறார்கள். கடலும் ஆறும் நம்மிடம் இலவசமாக இருக்கின்றனவே என்று தோன்றும். ஆனால் புண்ணுள்ள காலோடு குதிரையை எண்ணூர்க் கழிமுகத்தில் இறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் ஒட்டிக்கொண்டதை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை.

பேசாத நோயாளியின் பேச்சு

‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று ஒரு பழமொழி வழங்குகிறது. குதிரையின் மேல் சுமத்திய பெரும் பழி அது. குதிரை சாக்குச் சொல்லும் விலங்கன்று. வலியை மறைக்கும் விலங்கு. புலியும் ஓநாயும் கூட்டத்தில் நொண்டுவதைத்தான் முதலில் பிடிக்கும். ஆதலால் நொண்டாதது போல் நடிப்பது அதன் இரத்தத்தில் ஊறியது.

மறைத்தாலும் முகம் காட்டிக்கொடுக்கிறது. 2014-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் குதிரையின் முகத்தில் வலியைக் காட்டும் 6 குறிகளை வகுத்தார்கள். காது விறைத்துப் பின்னோக்குதல், இமை பாதி மூடுதல், கண்ணுக்கு மேலே எலும்பு துருத்துதல், தாடைத் தசை இறுகுதல், வாய் இறுகி மோவாய் திரளுதல், மூக்குத்துளை விறைத்து விரிதல். விளையாட்டின் நடுவே இவற்றில் இரண்டு மூன்று தோன்றினால் அந்தப் பயிற்சி அன்றைக்குப் போதும் என்று பொருள்.

நார்வே நாட்டில் 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டினார்கள். ஒன்றில் படுக்கைக்கோடு: கம்பளி போர்த்து. இன்னொன்றில் நிமிர்ந்த கோடு: கம்பளியை எடு. மூன்றாவது வெற்றுப்பலகை: இருப்பது இருக்கட்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சியில், இரண்டு வாரத்துக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. மழையும் குளிர்காற்றும் வந்தால் மூக்கால் முதற்பலகையைத் தொட்டன. வெயில் ஏறினால் இரண்டாவதை. தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லக் குதிரைக்குத் தெரியும். கேட்கும் ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை. குச்சி விளையாட்டு அத்தகைய ஓர் ஏற்பாடு. நேற்று ஆவலோடு இடப்பக்கம் வளைந்த குதிரை இன்று வளைய மறுக்கிறதா? அது பிடிவாதமன்று. இடப்பக்கம் ஏதோ நேர்ந்திருக்கிறது. அடிக்குப் பயந்து செய்யும் குதிரையிடம் இந்தச் செய்தி ஒருபோதும் கிடைக்காது. அது வலியோடும் செய்துவிடும்.

குதிரை நம்மைப் படிப்பதும் சிறிதன்று. பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்பவர் வைத்திருந்த ஹான்ஸ் என்ற குதிரை, கூட்டல் கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்னது. ஊரே திரண்டு பார்த்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற அறிஞர் ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார். ஹான்ஸுக்குக் கணக்கு வராது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரையறியாமலே, மயிரிழை அளவு அசைந்தது. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது! இதைக் குதிரையின் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கென்னவோ கணக்குப் போடுவதைவிட இதுதான் பெரிய திறமை என்று தோன்றுகிறது. நீங்கள் சினத்தோடும் அவசரத்தோடும் குச்சியைப் பிடித்தால், வாய் திறந்து எதுவும் சொல்லாமலே குதிரைக்கு அது தெரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. குதிரை துள்ளுவதெல்லாம் மகிழ்ச்சியன்று. வளர்ந்த குதிரைகள் தமக்குள் அதிகம் விளையாடுவது, அடைபட்ட வாழ்வின் அழுத்தத்தைத் தணித்துக்கொள்ளும் முயற்சியாகவும் இருக்கலாம் என்று பிரான்சில் மார்த்தின் ஆஸ்பெர்ஜே குழுவினர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆதலால் நாம் ‘விளையாட்டு’ என்று இங்கே சொல்வது துள்ளலை அன்று; மெல்லிய, கவனமுள்ள, விருப்பத்தோடு கூடிய நடையை.

எங்கே தொடங்குவது?

வைத்தியரிடமிருந்து. எலும்பு முறிவா, தசைநாண் கிழிவா, குளம்பில் சீழா என்று தெரியாமல் எந்தப் பயிற்சியும் கூடாது. குளம்பில் சீழ் உள்ள குதிரையைக் கழி தாண்ட வைப்பது கொடுமை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. குதிரைக்குக் காய்ச்சல் இருக்கும்போதும், கால் சூடாக இருக்கும்போதும், லாடம் தளர்ந்திருக்கும்போதும் பயிற்சி வேண்டாம். குதிரையின் நேர் பின்னே நிற்காதீர்கள். அதன் கண்கள் ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்கும். வாலின் பின்னே உள்ள சிறு இடமும் நெற்றிக்கு நேர் முன்னே உள்ள சிறு இடமும்தான் அதற்குத் தெரியாதவை. தின்பண்டத்தை விரல்களால் நீட்டாமல் விரித்த உள்ளங்கையில் வையுங்கள்.

முன்னேற்றத்தை அறியக் கருவி வேண்டுமே என்று எண்ண வேண்டாம். ஒரு நீளமான கயிறும் பெருக்கிச் சமன் செய்த ஈர மண்ணும் போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், குதிரையைத் தளர்ந்த கயிற்றோடு இருபது அடி நேராக நடத்துங்கள். இடது முன்குளம்பின் தடத்திலிருந்து வலது முன்குளம்பின் தடம் வரை எவ்வளவு, வலத்திலிருந்து அடுத்த இடம் வரை எவ்வளவு என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, அதன் மேலேயே விழுகிறதா, எட்டாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். நொண்டும் குதிரையின் இரண்டு அளவுகளும் ஒத்திருக்கமாட்டா. வாரந்தோறும் முடிச்சுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் பயிற்சி சரியாகப் போகிறது. விலகிப் போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எந்த முடிச்சு எந்த வாரத்தினுடையது என்று அவருக்குச் சொல்ல, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வண்ண நூல் கட்டி வைத்திருப்பது நல்லது.